தண்ணி ரவுண்டு

என் அக்காவுக்குத் தண்ணி ரவுண்டைத் தாண்டத் தெரியாது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். குழாயடியில் சொன்னேன், தறிச் செட்டில் சொன்னேன், மாவு மில்லில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நின்றவளிடமும் பின்னால் நின்றவளிடமும் சொன்னேன். பன்னிரண்டாவது படிக்கிறாள், இங்கிலீஷ் புத்தகத்தை மடமடவென்று வாசிக்கிறாள், ஆனால் ஒரு பொம்மையைக் கயிற்றைப் பிடிக்க வைக்க அவளால் முடியவில்லை. மூணாங்கிளாஸோடு நின்ற என்னால் முடிகிறது. பதினோரு வயதில் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறு இருக்கவில்லை.

எங்கள் வீடு ராஜபாளையத்தில், தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில். அப்பாவுக்குப் பஞ்சாலையில் ஷிப்ட் வேலை. அக்காவுக்கும் எனக்கும் ஏழு வயது வித்தியாசம். நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அவள் படிக்கிற பிள்ளை. கேட்ட குரூப் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் கிடைத்தது என்று தினமும் பஸ் ஏறிப் போய்ப் படித்தாள். நான் படிக்காத பிள்ளை. மூணாங்கிளாஸில் விஷக்காய்ச்சல் வந்து மூன்று மாதம் படுத்தேன். எழுந்தபோது எழுத்தெல்லாம் மறந்திருந்தது. மறுபடி போய்ச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருந்தது, வீட்டில் யாரும் வற்புறுத்தவும் இல்லை. தார் சுற்ற உட்கார்ந்துவிட்டேன்.

தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் ஒரு சின்னக் குழல் இருக்கும். அதில் நூல் சுற்றிக் கொடுப்பதுதான் தார் சுற்றுவது. வலது கை ராட்டையைச் சுற்றும். இடது கை நூலை இழுத்துப் பிடித்து முன்னும் பின்னும் ஓட்டும். இரண்டு கையும் இரண்டு ஆள் மாதிரி வேலை செய்ய வேண்டும், ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. என்னைப் போல் இறுக்கமாகச் சுற்ற எங்கள் தெருவில் பெரிய பொம்பளைகளுக்கே வராது. பெருமைக்குத்தான் சொல்கிறேன், ஆனால் பொய் இல்லை. இந்தக் கை வேலை பின்னால் வருகிறது, அதற்காகவும் சொல்கிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவருக்குப் பட்டாளத்தில் வேலை, வடக்கே பனி விழுகிற மலைப் பக்கம். தாய் தகப்பன் சிறுசிலேயே போய்விட்டதால் அம்மாதான் அவரைத் தூக்கி வளர்த்தாள். அம்மா கல்யாணமாகி வந்தபோது சீதனத்தோடு சீதனமாக மச்சினனும் வந்து இறங்கினான் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அக்கா பிறந்தபோது மாமாவுக்குப் பன்னிரண்டு வயது. தொட்டில் ஆட்டியது அவர்தான். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே அம்மா, "நல்லா ஆட்டுலே, இவ உனக்குத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டாள். எங்கள் பக்கம் தாய்மாமனுக்கு அக்காள் மகளைக் கொடுப்பது முறை. கொடுத்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், கொடுக்காவிட்டால்தான் கேட்பார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். வந்தால் எங்கள் வீட்டில்தான். முந்தின லீவில் மிலிட்டரி கேன்டீனிலிருந்து ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை டிவி கொண்டுவந்தார். நான் சொல்கிற அந்தத் தடவை, பொங்கல் கழிந்து நாலாம் நாள் வந்து இறங்கி, டிரங்குப் பெட்டியைத் திறந்து துணிகளுக்கு நடுவிலிருந்து வெள்ளை நிறத்தில் ஒரு டப்பாவை எடுத்தார். நேபாளத்து எல்லையில் ஒரு சந்தையில் வாங்கினாராம். வீடியோ கேம். வயர் வைத்த ரிமோட் இரண்டு. கேசட் ஒன்றே ஒன்று.

அந்தக் கேசட்டில் சண்டை இல்லை, துப்பாக்கிச் சூடு இல்லை. இரண்டு பொம்மைகள் மட்டும். ஒன்று கறுப்புத் தொப்பி, ஒன்று வெள்ளைத் தொப்பி. நிஜத்தில் என்ன நிறமோ, எங்கள் டிவியில் அப்படித்தான் தெரிந்தது. இரண்டும் ஒரு மலையின் அடியிலிருந்து கிளம்பி உச்சிக்குப் போய்ச் சேர வேண்டும். முப்பது ரவுண்டு. ஒரு பொம்மை மட்டும் கெட்டிக்காரத்தனமாக ஓடினால் நடக்காது. வழியில் கதவு இருக்கும். ஒன்று பலகையில் ஏறி மிதித்துக்கொண்டு நின்றால்தான் மற்றதற்குக் கதவு திறக்கும். உயரமாக இருந்தால் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி மேலே போய்க் கயிறு இறக்க வேண்டும். ஒன்று செத்தால் இரண்டும் அந்த ரவுண்டின் ஆரம்பத்துக்கு வந்துவிடும். கறுப்புத் தொப்பி நான். வெள்ளைத் தொப்பி அக்கா.

ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் திரையில் நாலு இங்கிலீஷ் எழுத்து வரும். அதை எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். எழுதுவது அக்கா வேலை. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதி வைப்பாள். அந்த எழுத்துகள் எனக்கு வெறும் கோடும் வளைவும்தான்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டில் அம்மா பேச்சை எடுத்தாள்.

"மாசியில நல்ல முகூர்த்தம் இருக்கு தம்பி. இந்த லீவுலயே முடிச்சிருவோம். ஒவ்வொரு வருஷமும் நீ தனியாப் போறதப் பாக்க எனக்கு ஆகல."

அக்கா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றியதை நிறுத்தவில்லை. மாமாவின் தட்டு நிறைந்து தரையில் வழிந்தது.

"எனக்குப் பரீட்சை இருக்கு மாமா" என்றாள். "அது முடியட்டும். டீச்சர் ட்ரெய்னிங்குக்கு எழுதிப் போடணும்."

"டீச்சராகி யாருக்குப் பாடம் சொல்லப் போற? அங்க இருக்க பனிக்கரடிக்கா?" என்றாள் அம்மா.

மாமா தட்டைத் தூக்கி ரசத்தைக் குடித்துவிட்டுச் சிரித்தார். அவர் வம்பு பிடிக்கிற ஆள் இல்லை. எதையும் விளையாட்டாக்கிவிடுவார், அதுதான் அவருக்குத் தெரிந்த நல்ல குணம். "விடுக்கா, புள்ளய விரட்டாத" என்றவர் டிவிப் பக்கம் கையைக் காட்டினார். "ஏட்டி, நீயும் சின்னவளும் சேந்து அந்த முப்பது ரவுண்டையும் முடிங்க. முடிச்ச அன்னைக்குப் பரிசம். அதுவரைக்கும் கல்யாணப் பேச்ச நானும் எடுக்க மாட்டேன், ஒங்க அம்மாவையும் எடுக்க விட மாட்டேன்."

"முடிக்கலன்னா?"

"முடிக்கலன்னா நான் பாட்டுக்கு ரயிலேறிப் போறேன். அடுத்த லீவுக்குப் பாத்துக்கிடலாம்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளங்கையை நீட்டினாள். "அடிச்சுச் சொல்லுங்க."

மாமா ஓங்கி அடித்தார். எல்லோரும் சிரித்தோம், அக்காவும் சிரித்தாள். கேம்ப்பில் அவர் சிநேகிதர்கள் அதை ஒரு வாரத்தில் முடித்தார்களாம். நாங்கள் பத்து நாளில் முடிப்போம் என்று அவர் கணக்கு. அவர் ரயிலேற வேண்டிய நாளுக்கு மறுநாள் அக்காவுக்குப் பரீட்சை தொடங்குகிறது என்பது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, அக்காவுக்குத் தெரியும். காலண்டரில் அந்த இரண்டு தேதிக்கும் நடுவில் நகத்தால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தாள். நான் கேட்டபோது, கொசு அடித்த தடம் என்றாள்.

அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காப்பி குடித்துவிட்டு உட்காருவோம். முதல் இருபது ரவுண்டு ஓட்டமாக ஓடியது. எனக்கு எழுத்து வரவில்லையே தவிர, பொறி எங்கே இருக்கிறது, எந்தப் பலகை பொய்ப் பலகை என்பதெல்லாம் ஒரு தடவை பார்த்தால் போதும். அக்கா செய்கிற கணக்கை நான் வாய் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வீட்டில், "எக்கா, நீ அங்க நில்லு, நான் சொல்லும்போது குதி" என்று நான் அதட்ட, அவள் கேட்டாள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா இதைப் பார்க்கவே அரிசி புடைக்கிற சுளகோடு வந்து உட்காருவார். ஒரு பொம்மை விழுந்தால் போதும், "படிபோயிந்தி!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். விழுந்துவிட்டது என்பதற்கு அவர் பாஷை. மாமா கட்டிலில் படுத்தபடி அந்த அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார்.

பிறகு இருபத்தேழாவது ரவுண்டு வந்தது.

அந்த ரவுண்டில் கீழே இருந்து தண்ணி ஏறும். ஒரு பொம்மை அடியில் பலகையை மிதித்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்போதுதான் மேலே கதவு திறக்கும். மற்றது கதவுக்குள் புகுந்து மேலே ஏறிக் கயிறு இறக்கும். கயிறு வந்த உடனே கீழே நிற்பது ஒரு எட்டு ஓடிக் குதித்துப் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் இரண்டும் தப்பியது. ஒரு நொடி தாமதித்தால் தண்ணி மூடிவிடும்.

"நான் கீழ நிக்கேன், நீ மேல போ" என்றாள் அக்கா. சின்னவளை ஆபத்தில் விடாமல் பெரியவள் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

நான் மேலே போனேன். கயிறு இறக்கினேன். அக்காவின் பொம்மை ஓடியது, குதித்தது, கயிற்றுக்கு ஒரு விரல்கடை முன்னாலேயே தண்ணியில் விழுந்தது.

"படிபோயிந்தி!"

மறுபடி போனோம். மறுபடி விழுந்தாள். அன்றைக்கு எத்தனை தடவை என்று கேட்டால் எனக்கு எண்ணத் தெரிந்த அளவுக்கு மேலே இருக்கும். மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும். ஒரு தடவை சீக்கிரம் குதித்துவிடுவாள், ஒரு தடவை தாமதமாகக் குதிப்பாள், ஒரு தடவை குதிக்கவே மறந்து நிற்பாள். கயிறு அவள் தலைக்கு மேலே சும்மா ஆடிக்கொண்டிருக்கும். தண்ணி முழங்காலுக்கு வரும், இடுப்புக்கு வரும், தொப்பிக்கு வரும். அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எக்கா, குதியேன்! கையில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

"வழுக்குது ஏட்டி."

"ரிமோட்டு என்ன எண்ணெய் தேச்சா குளிச்சிருக்கு, வழுக்கதுக்கு?"

மாமா சிரித்தார், அம்மா சிரித்தாள், தெலுங்குக்கார அம்மாவும் சிரித்தார். அக்காவும் சிரித்தபடி பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். ஒன்றுக்கும் ஆகாதவள் என்று என்னைச் சொன்ன வீட்டில் என் பேச்சுக்கு நாலு பேர் சிரிக்கிறார்கள். அந்த ருசி எனக்கு நாக்கில் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகுதான் தெருவில் சொல்ல ஆரம்பித்தேன்.

தை முடிந்து மாசி பிறந்தது. மாமாவின் சிரிப்பு குறைந்தது. காலையில் முகச்சவரம் செய்யும்போது காலண்டரைப் பார்ப்பார். "படிக்கிற புள்ளைக்கு இம்புட்டு மந்தமா கை?" என்று அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அம்மா ஒரு சனிக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் திருவண்ணாமலைக்குக் கூட்டிப்போனாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் மலை மேல் இருக்கிற பெருமாள் கோயில். அக்காவுக்கு விரல் வசப்பட வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். நானும் அதையேதான் வேண்டினேன். படி இறங்கும்போது நீ என்ன கேட்டாய் என்று அக்காவைக் கேட்டேன்.

"மாசி வெரசாப் போயிரணும்னு கேட்டேன்" என்றாள்.

பரீட்சை சீக்கிரம் முடிந்து தொல்லை விட்டால் போதும் என்று நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே நினைத்தேன்.

வந்த மறுநாள் இன்னொரு கூத்து. நோட்டைப் பார்த்து அக்கா நாலு எழுத்தைப் போட்டாள், பத்தொன்பதாவது ரவுண்டு வந்து நின்றது. ஏதோ தப்பாக எழுதி வைத்துவிட்டேன் என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். மறுபடி எட்டு ரவுண்டு ஏறி வர நாலு நாள் ஆனது. ஒரு வாரம் கழித்து மறுபடி அதே தப்பு. எனக்குக் கோபம் தாங்கவில்லை. இங்கிலீஷ் படித்தவள் நாலு எழுத்தை ஒழுங்காக எழுதத் தெரியாமல் இரண்டு தடவை கெடுத்துவிட்டாள்! இனி இவளை நம்பக் கூடாது என்று முடிவு செய்தேன். அந்தத் தடவை மறுபடி இருபத்தேழுக்கு வந்து சேர்ந்தபோது திரையில் நின்ற நாலு எழுத்தையும் மனதில் பிடித்துக்கொண்டு போய், ராட்டைக்குப் பின்னால் சுவரில் அடுப்புக்கரியால் அப்படியே வரைந்து வைத்தேன். ஒரு வீட்டுக்கூரை, ஒரு கொக்கி, ஒரு முட்டை, ஒரு ஏணி. எனக்கு அவை எழுத்து இல்லை, படம்தான். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அக்கா ஹால் டிக்கெட் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள். பரீட்சைக்கு இன்னும் பதினாறு நாள். லேசாகப் பவுடர் போட்டுக்கொண்டு, புதுப் பாவாடை தாவணி கட்டிக்கொண்டு போனாள். தெருமுனையில் திரும்பும்போது எனக்குக் கை காட்டினாள். அவள் கை காட்டுகிற ஆளே இல்லை. அன்றைக்கு ஏனோ காட்டினாள்.

நான் நாலு தார் சுற்றினேன். ஐந்தாவது தார் சுற்றும்போது ராட்டை மேல் இருந்த என் வலது கையையும் நூல் மேல் இருந்த இடது கையையும் பார்த்தேன். அப்படியே எழுந்து போய் டிவியைப் போட்டேன்.

சுவரில் இருந்த கூரை, கொக்கி, முட்டை, ஏணி நாலையும் தேடித் தேடி வைத்தேன். தண்ணி ரவுண்டு வந்தது. ஒரு ரிமோட்டைத் தரையில் வைத்து இடது கையால் பிடித்தேன். மற்றதை மடியில் வைத்து வலது கையால் ஓட்டினேன். குதிக்கிற பட்டனுக்கு விரல் போதவில்லை, கால் பெருவிரலை வைத்துக்கொண்டேன். கறுப்புத் தொப்பி மேலே போனது, கயிறு இறங்கியது, பெருவிரலை அழுத்தினேன். முதல் இரண்டு தடவை தண்ணியில் போனது. மூன்றாவது தடவை வெள்ளைத் தொப்பி கயிற்றைப் பிடித்துவிட்டது.

அவ்வளவுதான். அத்தனை லேசு.

மீதி மூன்று ரவுண்டும் கஷ்டமே இல்லை. முப்பதாவது ஓடும்போது அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். மாமா வெளியே போய்விட்டு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தெலுங்குக்கார அம்மா வாசலில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பொம்மையும் உச்சியில் போய் நின்றன. கொடி ஏறியது, ஒரு பாட்டு வந்தது, இரண்டும் தொப்பியைத் தூக்கித் தூக்கி ஆட்டின. மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றினார். கடைக்குப் போய்க் காராச்சேவு வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தார். என் பெயரைச் சொல்லிக் கொடுத்தார். அதற்கு முன்னும் பின்னும் என் பெயரைச் சொல்லி யாரும் யாருக்கும் ஒன்றும் கொடுத்ததில்லை.

அக்கா சாயங்காலம் வந்தாள். ஹால் டிக்கெட் மடங்கிவிடக் கூடாது என்று நோட்டுக்கு நடுவில் வைத்து, நோட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். வாசலிலேயே நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

அவள் டிவியைப் பார்த்தாள். நாங்கள் அணைக்காமல் வைத்திருந்தோம். பொம்மைகள் இன்னும் தொப்பியை ஆட்டிக்கொண்டிருந்தன.

"தண்ணிய எப்படித் தாண்டுன?"

"நீ இல்லாததுனாலதான் தாண்டுனேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"மாமா" என்றாள் அக்கா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு பேரும் சேந்துன்னுதான சொன்னீங்க."

மாமாவின் முகம் ஒரு நிமிஷம் மாறியது. அதை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. செருப்போடு நின்றவர் அக்காவைப் பார்த்தார், அவள் கையில் இருந்த நோட்டைப் பார்த்தார். "சரிதான்... நான் சொன்னது..." என்று இழுத்தார். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் விட்டுக்கொடுத்திருப்பார் என்றே நான் நம்புகிறேன். ஆனால் அம்மா இருந்தாள்.

"ரெண்டு பொம்மையும் போய்ச் சேந்துருச்சுல்லா? பொறவென்ன? அவன் அங்க தனியாப் பனியில கெடந்து சாகுதான், இவ சட்டம் பேசுதா."

அக்கா என் பக்கம் திரும்பிக் குனிந்தாள். என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, உண்மையச் சொல்லு. நீ ஒத்தையில முடிச்சிருக்க முடியாது. மாமா ஒரு ரவுண்டாவது பிடிச்சுக் குடுத்தாகளா? தண்ணி ரவுண்டு மட்டுமாவது? சும்மா சொல்லு, யாரும் அடிக்க மாட்டாக."

மாமாவும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும், அவரும் ஆமாம் என்றிருப்பார்.

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. வாழ்நாளில் ஒரே ஒரு காரியம் ஜெயித்திருக்கிறேன், அதையும் பிடுங்கப் பார்க்கிறாள்.

"ஒரு ரவுண்டுகூடப் பிடிக்கல!" என்று கத்தினேன். "எல்லாம் நான்தான்! வேணும்னா இப்பவே முடிச்சுக் காட்டுதேன் பாரு!" கையைப் பிடித்து இழுத்துப்போய், ராட்டைக்குப் பின்னால் கரியால் வரைந்திருந்ததைக் காட்டினேன்.

அக்கா அந்த நாலு படத்தையும் வெகுநேரம் பார்த்தாள். "நல்லா எழுதிருக்க ஏட்டி" என்றாள். உள்ளே போய் ஹால் டிக்கெட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, அடுப்படியில் அரிசி களையப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் பரிசம், பத்தாம் நாள் கல்யாணம். மலைக்கோயிலில் தாலி கட்டி, வீட்டில் சாப்பாடு. பரீட்சையை அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் சொன்னதால் யாரும் அதைப் பிறகு ஞாபகப்படுத்தவில்லை. அப்பா மட்டும் ஒரு தடவை, "அந்தப் பரீட்சையத்தான் எழுதிட்டுப் போகட்டுமே" என்றார். ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றாள் அம்மா. அப்பா ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மாமாவைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வராது. அவர் அக்கா மேல் கை நீட்டியதில்லை, பட்டினி போட்டதில்லை. அவளோடுதான் அவர் பேசுவார். அவள்தான் பேச மாட்டாள். இரண்டு பிள்ளைகள் பிறந்தன. லீவுக்கு வரும்போதெல்லாம் அவள் ஒரு சுற்று இளைத்திருந்தாள். ஒரு தடவை, எனக்குக் கல்யாணமாகி நானாக எழுத்துக்கூட்டப் பழகியிருந்த சமயம், மளிகைக் கடையில் கட்டிக்கொடுத்த பேப்பரை அவளிடம் நீட்டி, இது என்ன எழுத்து என்று கேட்டேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "எழுத்தெல்லாம் மறந்துபோச்சு ஏட்டி" என்றாள். காய்ச்சல் எதுவும் வராமலே மறந்துவிட்டது அவளுக்கு. அந்தக் குளிர் ஊரில் நெஞ்சுச்சளி பிடித்து அவள் போனபோது நாற்பது வயதாகவில்லை. நாங்கள் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சாம்பலைத்தான் கொண்டுவந்தோம். கேட்க வேண்டியதைக் கேட்க ஆள் இல்லை. இருந்தாலும் என்னவென்று கேட்பேன்?

இத்தனையும் பிறகு வந்தவை. எனக்கு உறக்கம் கெடுவது இதற்கெல்லாம் முந்தின ஒரு சாயங்காலத்துக்காக. அவர்கள் ரயிலேறுவதற்கு முந்தின நாள் அது. சாமான் எல்லாம் கட்டியாகிவிட்டது. கேமை எனக்கே விட்டுவிட்டுப் போவதாக மாமா சொல்லியிருந்தார். "கடைசியா ஒரு ஆட்டம் ஆடுங்களேன் ரெண்டு பேரும்" என்று அவர்தான் சொன்னார். புது மஞ்சள் கயிற்றோடு அக்கா வந்து, எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். எழுத்து எதுவும் போடவில்லை. முதல் ரவுண்டிலிருந்து ஆரம்பித்தாள்.

அன்றைக்கு அவள் ஆடிய ஆட்டத்தை நான் அதற்கப்புறம் எங்கேயும் பார்த்ததில்லை. ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. பலகை எங்கே, பொறி எங்கே, பொய்க் கதவு எங்கே என்று எல்லாம் விரலிலேயே இருந்தது. நான் போய்ச் சேருவதற்குள் அவள் போய் மிதித்துக்கொண்டு நின்றாள். நான்தான் பின்தங்கினேன், நான்தான் இரண்டு தடவை செத்தேன். "வெரசா வா ஏட்டி" என்றாள், அவ்வளவுதான் பேசினாள். தண்ணி ரவுண்டு வந்தது. அவள் கீழே நின்றாள், நான் மேலே போனேன். தண்ணி ஏறுவதற்கு முன்னாலேயே, நான் கயிற்றை முழுசாக இறக்கக்கூட இல்லை, அவள் குதித்துப் பிடித்துவிட்டாள். தெலுங்குக்கார அம்மா வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். ஒரே மூச்சில் முப்பது ரவுண்டும் முடிந்தது. பொம்மைகள் தொப்பியை ஆட்டத் தொடங்கியதும் அக்கா ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் எழுந்து வெளியே போனார். ஆட்டம் முடிந்ததும் மனிதர் ஏன் கைகூடத் தட்டாமல் போகிறார் என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

நான் அடுப்படிக்கு ஓடினேன்.

"எம்மா, எம்மா, அக்கா தண்ணி ரவுண்டத் தாண்டிட்டா! ஒரே தடவையில தாண்டிட்டா! எல்லாம் நான் பழக்கிவிட்டது!"

அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா ரிமோட்டின் வயரைச் சிக்கு விழாமல், நான் தார் சுற்றுவது போலவே இறுக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றாள். "இவதான் பழக்குனா."

நான் தெருவுக்கு ஓடினேன். குழாயடியில் சொன்னேன், தறிச் செட்டில் சொன்னேன். இருட்டி அம்மா கூப்பிடுகிற வரைக்கும் வீடு வீடாகப் போய் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.